முதல் தொகுப்புக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

#1 தறிச்சத்தம் (ஞாயிறு, இரவு 10:12)

வணக்கம்ங்க. நாலு வருசமா இங்க வாசிச்சுட்டுப் போறவன், எழுதறது இதுதான் முதல் தடவை. ஊரு குமாரபாளையம். ஒரு நூல் கடையில கணக்கு எழுதறேன். அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டுனவங்க. ஆறு வருசத்துல 22 சிறுகதை எழுதி வச்சிருக்கறேன். ரெண்டு மட்டும் இணைய இதழ்ல வந்திருக்குது. மத்த இருபதையும் என் சம்சாரத்தைத் தவிர யாரும் படிச்சதில்லை. அவங்களும் அஞ்சாவது கதையோட நிறுத்திட்டாங்க.

போன மாசம் ஒரு பதிப்பகத்துல இருந்து கூப்பிட்டாங்க. முகநூல்ல என் பதிவைப் பார்த்தாங்களாம். தொகுப்பாப் போடலாம், 300 பிரதி, ஐ.எஸ்.பி.என்.ங்கற புத்தக அடையாள எண், அட்டை வடிவமைப்பு, சென்னைப் புத்தகக் காட்சியில வெளியீடு, விளம்பரம் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய். எனக்கு 50 பிரதி தருவாங்க. மூணு பக்க ஒப்பந்தம் வந்திருக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள பாதிப் பணம் போட்டாத்தான் ஜனவரிக்குப் புத்தகம் வருமாம்.

கொடுக்கலாமுங்களா? கொடுக்காம புத்தகம் வர வழி இருக்குதா? வந்தா யாரு வாங்குவாங்க? கதை நல்லா இருக்குதான்னு கேக்கல. அதைக் கேக்கறதுக்கு இன்னும் தைரியம் வரல.

#2 கடைசிபெஞ்ச் (ஞாயிறு, இரவு 10:31)

"வெள்ளிக்கிழமைக்குள்ள", "பாதிப் பணம்". இந்த ரெண்டும் ஒரே வரியில வந்தா எழுந்து ஓடிடுங்க தலைவா.

நான் ஓடல. 2019ல இதே மாதிரி ஒருத்தர்கிட்ட 35,000 கட்டினேன். அட்டைப் படம் போட்டப்ப 640 லைக். "வாழ்த்துகள் நண்பா" மட்டும் இருநூத்துச் சொச்சம். வித்தது 11. அதுல நாலு எங்க மாமா வாங்கினது. மிச்சக் கட்டு பிரிக்காம கட்டிலுக்கு அடியில கிடக்கு, அம்மா அது மேல அரிசி டின் வச்சிருக்காங்க. ஒண்ணு சொல்லணும், பைண்டிங் நல்ல பைண்டிங். வருசக்கணக்கா அரிசியைத் தாங்குது.

#3 அரைஃபாரம் (திங்கள், காலை 6:05)

அச்சகத்துக்காரன் கணக்கு சொல்றேன் தம்பி, கேட்டுக்கோங்க. சிவகாசியில 26 வருசம் மிஷினோட நின்னவன்.

ஒரு ஃபாரம்னா 16 பக்கம். 22 கதையையும் போடாதீங்க. தேறுறதா ஒரு பன்னெண்டு எடுத்தா டெம்மி அளவுல 144 பக்கம் வரும், அதாவது 9 ஃபாரம். 146 ஆயிட்டா அடுத்த அரை ஃபாரத்துக்குக் காசு, மிச்சம் வெள்ளைப் பக்கமா நிக்கும். புத்தகத்துக் கடைசியில "எமது பிற வெளியீடுகள்" ஏன் வருதுன்னு நெனச்சீங்க?

70 ஜி.எஸ்.எம். கனத்துல மேப்லித்தோ தாள், பல வண்ண அட்டை, லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது முதுகுல பசை போட்டு ஒட்டுறது. 300 பிரதி டிஜிட்டல்ல அடிச்சா நான் வழக்கமா போடுற கணக்குக்குப் பிரதி 80 ரூபாய்க்குள்ள அடங்கும். 24,000. பக்கம் கட்ட, பக்கத்துக்கு 30 வீதம் 4,320. அட்டைக்கு 3,000. ஆக 31,320. பதிப்பகத்துக்காரர் கேக்குறது 60,000. பாக்கி எதுக்குன்னு அவர்கிட்டயே கேளுங்க.

இன்னொண்ணு. அவர் 300 அடிப்பார்னு என்ன நிச்சயம்? இப்ப தேவைக்கு ஏத்தாப்ல பத்து பத்தா அடிக்கிற வசதி வந்துருச்சு. 60 அடிச்சு, 50ஐ உங்களுக்கு அனுப்பிட்டு, 10ஐக் கடையில வச்சுட்டு "மெதுவாப் போகுது சார்"னு சொன்னா எங்க போய் எண்ணுவீங்க?

விலை 180ன்னு வச்சுக்குவோம். உங்க 50 பிரதியும் முழு விலைக்கு வித்தா 9,000. மிச்சம் 250க்கு எழுதினவர் பங்கு, அதாவது ராயல்டி, பத்து சதவீதம்னா 4,500. அத்தனையும் வித்தாலும் 13,500தான் திரும்பும்.

#4 வாய்தா (திங்கள், மதியம் 1:40)

பணத்தை விடுங்க, ஒப்பந்தத்துல உரிமை பத்தி என்ன எழுதியிருக்குன்னு அப்படியே தட்டுங்க. பதிப்பகம் பேரு போடாதீங்க, இந்தக் களத்து விதி.

#5 தறிச்சத்தம் (திங்கள், மதியம் 2:15)

"இந்நூலின் அச்சு, மின், ஒலி, திரை, மொழிபெயர்ப்பு உள்ளிட்ட அனைத்து உரிமைகளும் உலகெங்கும் பதிப்பகத்துக்கே உரியவை." இதுதாங்க. எத்தனை வருசம்னு போடல. ராயல்டி "நடைமுறைப்படி வழங்கப்படும்"னு இருக்குது. அப்பறம் ஐ.எஸ்.பி.என். கட்டணம் 3,000ன்னு தனியா ஒரு வரி.

#6 வாய்தா (திங்கள், இரவு 9:20)

கோர்ட்டு முடிஞ்சு வந்து நிதானமா எழுதறேன்.

ஐ.எஸ்.பி.என்.ல இருந்து ஆரம்பிக்கலாம். இந்தியாவுல அதுக்குக் கட்டணமே கிடையாது. ராஜா ராம்மோகன் ராய் பேர்ல மத்திய கல்வி அமைச்சகத்துக் கீழ ஒரு முகமை இருக்கு, அது இலவசமாத் தருது. சொந்தமா வெளியிடற எழுத்தாளரே இணையத்துல விண்ணப்பிக்கலாம். இலவசமா வர்ற 13 இலக்கத்துக்கு 3,000 வாங்கற ஆள்கிட்ட மத்த வரியையும் நம்ப முடியாது.

உரிமை. நீங்க எழுதி முடிச்ச நிமிஷமே பதிப்புரிமை உங்களோடது. பதிவு கட்டாயம் இல்லை. உங்க ஆயுசு முழுக்க, அதுக்கப்புறம் இன்னும் 60 வருசம். இதைத்தான் அவர் ஒரே வரியில எடுத்துக்கறார். 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 19ஆவது பிரிவு ஒண்ணு இருக்கு, வாசிச்சு வச்சுக்கோங்க. உரிமை மாற்றம் எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை காலம்னு சொல்லாட்டி 5 வருசம்னு சட்டமே வச்சுக்கும். எந்த நிலப்பரப்புன்னு சொல்லாட்டி இந்தியா மட்டும். வாங்கின உரிமையை ஒரு வருசத்துக்குள்ள பயன்படுத்தாட்டி, ஒப்பந்தத்துல வேற மாதிரி சொல்லியிருந்தா ஒழிய, அது காலாவதி. ராயல்டி எவ்வளவுன்னும் எழுதணும். "நடைமுறைப்படி"ன்னா எவன் நடைமுறை?

ஆனா சட்டம் இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுடாதீங்க. சட்டம் தானா வந்து கதவைத் தட்டாது, எனக்கு ஃபீஸ் கொடுத்துதான் கூட்டிட்டு வரணும். கேக்க வேண்டியது இவ்வளவுதான்: அச்சு உரிமை மட்டும், மூணு வருசம், பிரதி எண்ணிக்கை எழுத்துல, வருசத்துக்கு ஒரு தடவை விற்பனைக் கணக்கு. திரை, ஒலி, மொழிபெயர்ப்பு உங்ககிட்டயே. இதைக் கேட்டதும் அவர் குரல் மாறுதான்னு பாருங்க.

#7 வேப்பம்பூ (திங்கள், இரவு 11:02)

ஏன் தம்பி, புத்தகமாத்தான் வரணும்னு யார் சொன்னது? நான் பிரதிலிபிங்கற இணையத் தளத்துல ஏழு வருசமா தொடர் எழுதறேன். ஒரு பைசா கட்டினதில்ல. எந்த அத்தியாயத்துல ஆளுங்க விட்டுட்டுப் போறாங்கன்னு எண்ணிக்கையே காட்டிக் கொடுத்துரும். என் மூணாவது தொடர்ல ஒன்பதாவது அத்தியாயத்துல பாதிப் பேரு காணாமப் போயிட்டாங்க. திரும்பிப் படிச்சா, அதுல முழுக்க கதாநாயகி ஜன்னலோரம் உக்காந்து யோசிக்கிறா. வேற ஒண்ணும் நடக்கல. அந்தப் பாடத்தை எந்தப் பட்டறையில கத்துக் கொடுப்பாங்க?

#8 கடைசிபெஞ்ச் (திங்கள், இரவு 11:15)

அக்கா, மரியாதையோட சொல்றேன், மாமியார் கொடுமை 180 அத்தியாயம் வேற, சிறுகதை வேற.

#9 வேப்பம்பூ (திங்கள், இரவு 11:24)

180 இல்ல தம்பி, 212. நான் ஒரு நாள் போடலைன்னா நாப்பது பேரு "அக்கா உடம்புக்கு என்ன"ன்னு கேக்கறாங்க. உங்க பதினொரு பேருல ஒருத்தராவது அடுத்த புத்தகம் எப்பன்னு கேட்டாங்களா? மாமாவை விட்டுட்டுச் சொல்லுங்க.

#10 கடைசிபெஞ்ச் (திங்கள், இரவு 11:26)

🙏 வாபஸ்.

#11 நடுவர் (செவ்வாய், காலை 7:00)

தலைப்பை விட்டுப் போக வேண்டாம். தொடர்கதையா சிறுகதையா என்பதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே ஏற்கெனவே 900 பதிவுகள் அடித்துக்கொண்டிருக்கின்றன.

#12 வேப்பம்பூ (செவ்வாய், காலை 7:45)

சரி நடுவர் ஐயா. ஒண்ணே ஒண்ணு, நியாயமாச் சொல்லணும்ல. ஏழு வருசத்துல எனக்கு வராம போனது சுருக்கறது. தினம் ஒரு அத்தியாயம்னு ஓடும்போது நீட்டி எழுதியே கை பழகிருச்சு. போன தீபாவளிக்கு ஒரு வார இதழ் நாலு பக்கத்துல கதை கேட்டுச்சு, என்னால முடியல. அதனால தம்பி அங்க வந்து வாசகரைப் பிடிக்கட்டும், ஆனா இருக்கற 22 கதையையும் அங்க கொட்ட வேணாம். ஒருதடவை வெளியாயிட்டா எந்த இதழும் எடுக்காது.

#13 கடைசிபெஞ்ச் (செவ்வாய், காலை 8:10)

இதோட ஒட்டி கிண்டில் சமாச்சாரம். அமேசான்ல நாமளே மின்னூல் போடலாம், தமிழ் எடுத்துக்கும், செலவு இல்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். ஆனா நம்ம ஊர் விற்பனைக்கு 70 வேணும்னா கேடிபி செலக்ட்ங்கற அவங்க திட்டத்துல சேரணும். சேர்ந்தா 90 நாளைக்கு அந்த மின்வடிவம் வேற எங்கயும் இருக்கக் கூடாது. உங்க வலைப்பூவுல கூட. நான் பிரதிலிபியில இருந்த கதையை எடுக்க மறந்துட்டு கிண்டில்ல ஏத்தினேன், எச்சரிக்கை மெயில் வந்துச்சு. சந்தா கட்டிப் படிக்கற கிண்டில் அன்லிமிடெட்ல படிச்ச பக்கத்துக்குத்தான் காசு. என் நாவலை 38ஆம் பக்கத்துல எத்தனை பேர் விட்டாங்கன்னு யோசிச்சே ஒரு மாசம் தூங்கல.

#14 ஒற்றெழுத்து (செவ்வாய், மாலை 5:30)

நான்கு பேர் பணக்கணக்குச் சொல்லிவிட்டீர்கள். கதையை யாரும் கேட்கவில்லை. தம்பி, தைரியம் வந்தபோது முதல் பத்தியை இங்கே போடு. முப்பத்தொரு வருடம் திருவல்லிக்கேணியில் மெய்ப்புத் திருத்தியவன் நான். அடிப்பேன், ஆனால் வலிக்காது.

#15 தறிச்சத்தம் (செவ்வாய், இரவு 10:50)

போட்டுட்டேனுங்க ஐயா. கதை பேரு "முன்பணம்".

"கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி உலகைத் தழுவத் துடித்துக்கொண்டிருந்த அந்த இனிய காலைப் பொழுதில், வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்த பழனிச்சாமி, தன் கவலை தோய்ந்த கண்களால் சாய பட்டறையின் கருப்பு புகையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனது மனம் கடந்த காலத்தை நோக்கிப் பின்னோக்கிச் சென்றது."

முழுக்கதையும் தனிமடல்ல அனுப்பியிருக்கறேன்.

#16 ஒற்றெழுத்து (புதன், மாலை 6:10)

இரண்டு முறை படித்தேன்.

முதலில் சில்லறை. "சாய பட்டறை" என்று ஒற்று இல்லாமல் எழுதினால் பட்டறை சாய்கிறது என்று பொருள். சாயப்பட்டறை. கருப்புப் புகை. இணையத்தில் நாவி, வாணி என்று இரண்டு திருத்திகள் இலவசமாகக் கிடைக்கின்றன, முதலாவது சந்திக்கு, இரண்டாவது எழுத்துப்பிழைக்கு. போட்டுப் பார். அவை சொல்வதையெல்லாம் கேட்காதே, ஆனால் எங்கே தயங்க வேண்டும் என்று காட்டும். மேசையில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒன்று இருக்கட்டும். 1992இல் வந்த முதல் பதிப்பைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன், தையல் பிரிந்துவிட்டது.

"கடந்த காலத்தை நோக்கிப் பின்னோக்கி." கடந்த காலம் வேறு எந்தப் பக்கம் இருக்கும்?

இனி விஷயம். பொற்கரம், இனிய, கோரப்பிடி, கவலை தோய்ந்த, கருப்பு. இந்த ஐந்தில் நீ கண்ணால் பார்த்தது கருப்பு ஒன்றுதான். மற்ற நான்கும் நீ படித்தவை. அவற்றைத் தமிழில் ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், அச்சுக்கோக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு கோப்பார்.

மூன்றாம் பக்கத்தில், நீயே கவனிக்காமல் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "கரண்டு போனதும் குழந்தை விழித்துக்கொண்டது." நான் அங்கே நின்றுவிட்டேன். கரண்டு போனால் குழந்தை ஏன் விழிக்க வேண்டும்? விசிறி நின்றதாலா?

#17 தறிச்சத்தம் (புதன், மாலை 6:41)

இல்லீங்க ஐயா. தறி வீட்டுல தொட்டில் தறிக்குப் பக்கத்துலயேதான் கட்டியிருக்கும். சத்தத்துலயே தூங்கிப் பழகுன குழந்தை. தறி நின்னா அழுவும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்னு அம்மா சொல்லுவாங்க.

#18 ஒற்றெழுத்து (புதன், மாலை 6:50)

அதை முதல் வரியாக வை. விளக்காதே. கதிரவனை வீட்டுக்கு அனுப்பு.

#19 தறிச்சத்தம் (புதன், இரவு 11:58)

"கரண்டு போனதும் குழந்தை முழித்துக்கொண்டது. எட்டுத் தறிகளும் ஒன்றாக நின்ற ஆழ்ந்த அமைதியில் பழனிச்சாமிக்குத் தன் மூச்சே சத்தமாகக் கேட்டது."

#20 ஒற்றெழுத்து (வியாழன், காலை 5:15)

"எட்டுத் தறிகளும் நின்றன. பழனிச்சாமிக்குத் தன் மூச்சு கேட்டது." ஆழ்ந்த அமைதி என்று நீ சொல்லாவிட்டால்தான் அது எனக்குக் கேட்கும். "முழித்துக்கொண்டது" என்று மாற்றினாயே, அது சரி. அதை யாரும் சொல்லித்தரவில்லை.

உரையாடல்களில் ஒரு நோய் இருக்கிறது. "என்று ஆவலுடன் வினவினான்", "என்று விரக்தியுடன் பதிலளித்தான்", "என்று மெல்லிய குரலில் முணுமுணுத்தான்." என்றான் போதும். பல இடங்களில் அதுவும் வேண்டாம். உன் ஊர்ப் பேச்சில் ஒரு "ங்க" வைத்தே யார் முதலாளி, யார் தறிக்காரன் என்று வாசகனுக்குத் தெரிந்துவிடுகிறது.

#21 பனங்கொட்டை (வியாழன், காலை 9:30)

பேச்சு வழக்கு எண்டதும் நானும் வாறன். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன்.

வழக்கு எண்டது வசனத்தின்ர கடைசியில ஒட்டுற வால் இல்லை. அங்கத்தைய ஆக்கள் சிலபேர் ஈழத்துப் பாத்திரம் எழுதேக்க ஒவ்வொரு வசனத்துக்கும் "பாருங்கோ" போட்டு விடுகினம். எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் கதைக்கிறேல்லை. "அவன் வாறான்", "அவர் வாறார்", "அவை வருகினம்", இதில எதை எப்ப சொல்லுறது எண்டதிலதான் ஆளின்ர குணம் இருக்கு. தம்பி தன்ர ஊர்ப் பேச்சையே எழுதட்டும், கடன் வாங்க வேண்டாம். எங்கட வழக்கைப் பழக விரும்புற ஆக்கள் நூலகம் இணையத்தளத்தில பழைய சஞ்சிகைகளைத் தேடி வாசியுங்கோ, 2005இல தொடங்கினது, சும்மா தரவிறக்கலாம்.

விக்கிற கதைக்கு வந்தால், இஞ்ச புத்தகம் கடையில விக்கிறது குறைவு. வெளியீட்டு விழாவிலதான். படிப்பிச்ச ரீச்சர், கூடப் படிச்ச ஆக்கள், அயலட்டைச் சனம் எல்லாரும் வருவினம். முதற்பிரதி ஒருத்தர் வாங்குவார், பிறகு சிறப்புப் பிரதி எண்டு பேர் பேராக் கூப்பிடுவினம். கடித உறைக்குள்ள காசை வச்சுக் குடுத்திட்டுப் புத்தகத்தோட இறங்குவினம். சில உறைக்குள்ள ஐயாயிரமும் இருக்கும், சிலதுக்குள்ள நூறு. அதிட்டம் இருந்தால் அச்சுச் செலவு அண்டைக்கே வந்திடும். வாங்கின எல்லாரும் வாசிக்கினமோ எண்டு மட்டும் கேக்காதேங்கோ. கலியாண வீட்டு என்வலப் மாதிரித்தான் அது.

#22 தறிச்சத்தம் (வியாழன், இரவு 10:20)

நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க. அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்குது, சொல்லிடறேன். எனக்கு 34 வயசு. இளம் எழுத்தாளருக்குத் தர்ற சாகித்திய அகாதெமி யுவ புரஸ்காருக்கு 35 வயசுக்குள்ள இருக்கணும். புத்தகம் இருந்தாத்தானே அனுப்ப முடியும்.

#23 ஒற்றெழுத்து (வெள்ளி, காலை 5:20)

2011இல் தொடங்கிய விருது அது. ஐம்பதாயிரம் ரூபாய். தமிழில் வருடத்துக்கு ஒருவர். கதிரவன் பொற்கரம் நீட்டுகிற தொகுப்பை நீ நாளைக்கே அச்சடித்தாலும் அது அந்த ஒருவராக இருக்காது. அறுபதாயிரம் கட்டி ஐம்பதாயிரத்துக்கு ஆசைப்படுகிற கணக்கு, நூல் கடையில் கணக்கு எழுதுகிறவனுக்கு அழகா?

பதிப்பாளரை அணுகும் காலம் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை எந்தப் பதிப்பகத்துக்கும் கைப்பிரதி அனுப்பாதே. எல்லாரும் புத்தகக் காட்சிக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி 1977இல் அந்தக் கண்காட்சியைத் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்ப் பதிப்புலகத்தின் ஆண்டு பொங்கலில்தான் முடிகிறது. கட்டுகளை எண்ணிப் பிரித்து, பாக்கி வசூலித்து, மூச்சு விட்டபின் பிப்ரவரி கடைசியில், மார்ச்சில்தான் புதிய ஆளைப் படிக்கப் பொறுமை இருக்கும். நல்ல பதிப்பகம் உன்னிடம் பணம் கேட்காது, மௌனமாக இருக்கும். ஆறு மாதம்கூட. அது மறுப்பில்லை, சோம்பல். மரியாதையாக ஒரு முறை நினைவூட்டலாம்.

அதற்கு முன்னால் ஆறு ஏழு கதைகளாவது இதழ்களில் வரட்டும். ஒரு கதையை ஒரே நேரத்தில் ஒரே இதழுக்கு அனுப்பு. மூன்று மாதம் பார், பதில் இல்லையென்றால் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டு அடுத்த இடம். உறையில் "தங்கள் மேலான பரிசீலனைக்கு" என்று ஒரு பக்கம் எழுதாதே. கதை, பெயர், தொலைபேசி எண். சிற்றிதழ்கள் பெரும்பாலும் பணம் தருவதில்லை, அதையும் தெரிந்துகொண்டு அனுப்பு.

#24 அரைஃபாரம் (வெள்ளி, காலை 6:30)

ஐயா சொன்னதோட கோப்பு பத்தியும் சொல்லிடறேன், இதுல எழவெடுத்த புத்தகம் நூறு பாத்திருக்கேன்.

யூனிகோடுலயே தட்டுங்க, பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துரு எல்லாம் வேணாம். பிடிஎஃப்பா அனுப்பாதீங்க, வேர்டு கோப்பா அனுப்புங்க. பாரா நகர்த்த ஸ்பேஸ் பாரை அஞ்சு தடவை தட்டாதீங்க. போன்ல தட்டுறவங்க நெறையப் பேரு ஔவையாரை "ஒ"வும் "ள"வுமா தனித்தனியாத் தட்டுறாங்க. பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும், வரி உடையும்போது ஒ ஒரு வரியில, ளவையார் அடுத்த வரியில போய் நிப்பாங்க. துணைக்காலுக்குப் பதிலா "ர" தட்டுற கூத்தும் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, தேடினா அகப்படாது.

இன்னும் சில ஊர்ல பக்கம் கட்டுறவங்க பழைய எழுத்துருவுக்கு மாத்தித்தான் வேலை செய்வாங்க. மாத்தும்போது மேற்கோள் குறி, ஸ்ரீ எல்லாம் உருமாறிடும். அதனால பக்கம் கட்டின பொறகு ஒருதடவை காகிதத்துல எடுத்து, உங்க கண்ணால முழுசாப் படிச்சப்புறம்தான் "அடி"ன்னு சொல்லணும். திரையில படிக்காதீங்க.

#25 தறிச்சத்தம் (வெள்ளி, மாலை 4:02)

வாய்தா அண்ணன் சொன்ன நாலையும் கேட்டேனுங்க. பிரதி எண்ணிக்கையை எழுத்துல கேட்டதுமே, "இலக்கியம் தெரிஞ்சவங்க இப்படி வியாபாரம் பேச மாட்டாங்க"ன்னு போனை வச்சுட்டாங்க.

பணம் போடல.

ஆனா மூணாவது கேள்விக்கு இன்னும் பதில் வரல. யாரு வாங்குவாங்க?

#26 வேப்பம்பூ (வெள்ளி, இரவு 9:15)

உங்க ஊர்க்காரங்கதான் வாங்கணும் தம்பி, வேற யாரு? சென்னையில ஆயிரம் ஸ்டாலுக்கு நடுவுல உங்க புத்தகம் எங்க தெரியப்போகுது? ஆத்தைத் தாண்டினா பவானி, அந்தப் பக்கம் ஈரோடு. ஆகஸ்ட் மாசம் ஈரோடு புத்தகத் திருவிழா, 2005ல இருந்து நடக்குது. தறிக்காரன் கதைக்கு அதைவிட நல்ல சந்தை எது?

ஆனா அதுக்கும் முன்னாடி உங்க கதையைச் சத்தமா நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டுங்க. கிளை நூலகத்துல வாசகர் வட்டம் இருக்கான்னு நூலகரைக் கேளுங்க. தமுஎகசங்கற முற்போக்கு எழுத்தாளர் சங்கம், கலை இலக்கியப் பெருமன்றம் ரெண்டுக்கும் உங்க பக்கம் கிளை இருக்கும், கூட்டம்னா பத்துப் பதினஞ்சு பேரு வருவாங்க. முகநூல்ல 640 பேரு இல்ல, எதிர்ல உக்காந்து கொட்டாவி விடற பதினஞ்சு பேரு. கொட்டாவி எந்த வரியில வருதுன்னு பாத்துக்கிட்டே வாசிங்க. லைக்குல அது தெரியாது.

வாட்ஸ்அப் குழுவுல "என் கதை, படித்துப் பகிருங்கள்"னு போடாதீங்க. ஒரு பத்தி போடுங்க. அந்தக் குழந்தை முழிக்கிற பத்தி. மீதியை அவங்களே கேப்பாங்க, கேக்கலைன்னா அந்தப் பத்தி இன்னும் ஆகலைன்னு அர்த்தம்.

#27 கடைசிபெஞ்ச் (வெள்ளி, இரவு 9:40)

தபால் பத்தி ஒரு தகவல். நாமளே விக்கறதா இருந்தா கூரியர்தான் ஆளைக் கொல்லும். பழைய பதிவு புத்தக அஞ்சலை 2024 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க. 2025 மே மாசத்துல இருந்து ஞான் போஸ்ட்னு ஒண்ணு இருக்கு, 300 கிராம் வரைக்கும் 20 ரூபாயில ஆரம்பம். அரைஃபாரம் அண்ணாச்சி சொன்ன 144 பக்கம் அதுக்குள்ள அடங்கிடும். கல்வி, சமூக, பண்பாட்டு நூலுக்குத்தான்னு விதி. சிறுகதை எதுல சேரும்னு கவுன்டர்ல கேட்டா "பண்பாடு"ன்னு அடிச்சுச் சொல்லுங்க. தயங்கினா போச்சு.

கடைக்குப் போட்டீங்கன்னா கழிவு 30ல இருந்து 40 சதவீதம், அதுவும் வித்த பிறகு. கையெழுத்து போட்ட ரசீது இல்லாம ஒரு கட்டும் கொடுக்காதீங்க. ஏன்னு கேக்காதீங்க, எங்கம்மாவுக்கு இன்னொரு அரிசி டின் இருந்தா அதுக்கடியில வைக்கக் கூட அந்தக் கட்டு திரும்பி வரல.

#28 தறிச்சத்தம் (இருபத்து மூணு நாள் கழிச்சு, ஞாயிறு, இரவு 8:30)

மறந்திருக்க மாட்டீங்கன்னு நெனைக்கறேன். இன்னைக்கு நூலகத்துல வாசிச்சேனுங்க. ஒன்பது பேரு. அதுல ரெண்டு பேரு பேப்பர் படிக்க வந்தவங்க, எந்திரிச்சுப் போகச் சங்கடப்பட்டு உக்காந்துட்டாங்க.

"முன்பணம்" வாசிச்சேன். அதுல பழனிச்சாமி வேற ஒரு பட்டறையில முன்பணம் வாங்கிட்டான், வர்ற சனிக்கிழமை குடும்பத்தோட கிளம்பப்போறான். அதைத் தறி ஓடிட்டு இருக்கறப்ப மாரப்பன் காதுல கிசுகிசுன்னு சொல்றான். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அது. மூணு தடவை திருத்தி எழுதுனது.

பேப்பர் படிக்க வந்த பெரியவர் ஒருத்தர் சிரிச்சுட்டாரு. அவரு முப்பது வருசம் தறி ஓட்டுனவராம். "ஏந் தம்பி, எட்டுத் தறி ஓடற பட்டறையில எவன் கிசுகிசுப்பான்? பக்கத்துல நிக்கறவனுக்கே தொண்டை கிழியக் கத்தோணும். இல்லாட்டிக் கை சாடை"ன்னாரு.

மூஞ்சி செத்துப்போச்சுங்க எனக்கு. தறி வீட்டுலயே பொறந்தவன் நான். எங்கப்பா காது மந்தமானதே அதுலதான். அது எப்படி எனக்குத் தெரியாம போச்சுன்னு வண்டியில வர்றப்ப பூரா அதே யோசனை. பவானி பாலத்துக்கிட்ட வர்றப்பதான் தோணுச்சு. அவன் கிசுகிசுக்க முடியாது, கத்தித்தான் சொல்லணும். "சனிக்கெழம கெளம்பறேன்"னு மாரப்பன் காதுல கத்தறான். கத்தி முடிக்கறதுக்குள்ள கரண்டு போயிருது. எட்டுத் தறியும் நின்னுருது. அவன் சத்தம் மட்டும் நிக்குது. குழந்தை முழிச்சுக்குது. மொதலாளி வாசப்படியில நிக்கறாரு.

இப்பத்தான் எழுதி முடிச்சேன். ஆறு பக்கமா இருந்தது மூணரை ஆயிருச்சு. சம்சாரத்துகிட்ட கொடுத்தேன், முழுசாப் படிச்சாங்க. "இந்த மொதலாளி நம்ம மேட்டுத்தெரு ஆளுதானே?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்லிட்டேன்.

#29 அரைஃபாரம் (ஞாயிறு, இரவு 8:52)

அடேயப்பா.

#30 வாய்தா (ஞாயிறு, இரவு 9:10)

மேட்டுத்தெரு ஆளோட வீட்டுக்கு ரெண்டு மாடின்னு கதையில இருந்தா ஒண்ணாக்கிடுங்க. அவதூறு வழக்குக்கு நான் ஃபீஸ் அதிகம் வாங்குவேன்.

#31 ஒற்றெழுத்து (திங்கள், காலை 5:10)

படித்தேன். "வாசப்படி" உரையாடலில் இருக்கலாம், கதை சொல்லும் நடையில் வாசற்படி. இரண்டாம் பக்கம் பதினான்காம் வரியில் "ஒரு ஆள்" என்பதை ஓர் ஆள் ஆக்க வேண்டாம், அப்படியே விடு, தறிக்காரன் பார்வையில் அது ஒரு ஆள்தான். கடைசிப் பத்தியை எடுத்துவிடு, முதலாளி வாசலில் நிற்பதோடு போதும்.

எந்த இதழுக்கு அனுப்பப்போகிறாய்? அந்தப் பெரியவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டாயா?

#32 தறிச்சத்தம் (திங்கள், காலை 7:25)

கேட்டேனுங்க ஐயா. அடுத்த ஞாயித்துக்கிழமையும் பேப்பர் படிக்க வருவாராம். இன்னொரு கதையக் கொண்டாரச் சொன்னாரு.